சிமிழும் தொட்டியும்: இருவகை மின்புகைக் கருவிகளின் ஒப்புநோக்கு

கலத்தைக் கண்ட அளவானே கலத்துள் இருக்கும் பொருளின் தன்மை விளங்கிவிடாது. இஃது யாவரும் அறிந்த உண்மையேயாயினும், யாவரும் எளிதில் மறந்துவிடும் உண்மையுமாம். அரியாங்குப்பத்தாற்றின் கரையில் அரிக்கமேடு என வழங்கும் மேட்டை 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆராய்ச்சியாளர் அகழ்ந்தபொழுது, மத்தியதரைக்கடல் நாடுகளினின்று மரக்கலமேறி வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் பல வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்த அறிஞர் சாடியின் வடிவோடும் அளவோடும் நின்றாரல்லர். இதன்கண் இருந்தது திராட்சை மதுவோ, ஒலிவ எண்ணெயோ, மீன் ஊறலோ என வினவினர். கலத்தினும் கலத்துள் இருந்ததே பழைய வாணிகத்தின் வரலாற்றைக் கூறுவது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தனர். அவ்வினாவையே, இக்காலத்து இளைஞர் சிலர் கையில் மறைவாக வந்து சேரும் இரண்டு சிறு கலங்களைக் குறித்து எழுப்ப நாம் ஈண்டு முற்படுகின்றோம்.

செய்தித்தாள்கள் இ-சிகரெட்டு என்றும், இளைஞர் 'வேப்' என்றும் கூறும் கருவியை இக்கட்டுரையின்கண் மின்புகைக்குழல் எனக் குறிப்போம். அதன் வகைகள் பலவாயினும், பெரும்பான்மையும் இரண்டனுள் அடங்கும். ஒன்று, விரலளவினதாய், முத்திரையிட்டு மூடிய சிறு சிமிழோடு கூடியது. மற்றொன்று, உள்ளங்கை நிறையும் பெட்டியாய், தலைமேல் கண்ணாடித் தொட்டி பூண்டது. முன்னதற்குச் சான்றாக, அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் 2015-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஜூல்' என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். பின்னதற்குச் சான்றாக, சீன நாட்டு ஷென்சென் நகரத்து 'ஸ்மோக்' நிறுவனத்தார் அதற்கு அடுத்த ஆண்டளவில் வெளியிட்ட 'ஏலியன்' என்னும் பெட்டியையும், அதனோடு ஒருசேர விற்கப்பட்ட 'பேபி பீஸ்ட்' என்னும் தொட்டியையும் கொள்வோம்.

தடையுண்ட பொருள்களை ஒப்பிட்டு ஆராய்தல் எற்றுக்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். தடை என்பது பொருளைக் கடைவீதியினின்று அகற்றும். அப்பொருளைப் பற்றிய தவறான எண்ணத்தை உள்ளத்தினின்று அகற்றாது. அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் முதலாய புதுவைப் பகுதிகளில் பிரான்சு நாட்டில் உறவினரையுடைய குடும்பங்கள் உள்ளன. அந்நாட்டில் இக்கருவிகள் கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுகின்றன. விடுமுறைக்கு வந்த அண்ணன் ஒருவனிடத்து இத்தகைய கருவியொன்று இருக்கக் கண்டால் தம்பி என்ன கேட்பான்? "இஃது இத்துணைச் சிறிதாயிற்றே, இதனால் என்ன தீங்கு வந்துவிடப் போகிறது?" என்பதே அவன் கேள்வியாக இருக்கும். பெருந்தொட்டியையும் அதனின்று மேகம்போல் எழும் ஆவியையும் கண்டு அஞ்சுவோனும், சிறு சிமிழைக் கண்டு அஞ்சுவதில்லை. இவ்வச்சமும் இவ்வஞ்சாமையும் கணக்கின்முன் நிற்குமா என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

முன்னோர் கண்ட குடுகுடி

புகையை ஒரு கலத்தின் வழியே செலுத்தினால் அதன் தீமை ஒழியும் என்னும் எண்ணம் புதியதன்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாத் பேக் என்பார் பீஜப்பூரினின்று புகையிலையைக் கொணர்ந்து அக்பர் பேரரசர் முன்னிலையில் வைத்தார். இப்புதிய பொருளை ஏற்பதா, விலக்குவதா என்று அரண்மனையில் வாதம் நிகழ்ந்தது. அக்பருக்குப் பின் அரசு கட்டிலேறிய ஜஹாங்கீர் 1617-ஆம் ஆண்டில் புகைபிடித்தலைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். ஆணை பிறந்தும் பழக்கம் ஒழிந்தபாடில்லை. நீர் நிறைந்த கலத்தின் வழியே புகையை இழுக்கும் ஹூக்கா நாட்டிற் பரவிற்று. அது செய்யும் ஒலியைக் கொண்டே தமிழர் அதற்குக் குடுகுடி எனப் பெயரிட்டனர்.

குடுகுடியின் நீர் செய்வது யாது? அது புகையைக் குளிரச் செய்கின்றது. குளிர்ந்த புகை தொண்டையை உறுத்துவதில்லை. உறுத்தாமையைத் தூய்மை என மக்கள் மயங்கினர். ஆயின், ஒரு மணி நேரம் குடுகுடி இழுப்பவர், ஒரு சிகரெட்டு பிடிப்பவர் உட்கொள்வதினும் 100 முதல் 200 மடங்கு கனவளவுள்ள புகையை உட்கொள்ளக்கூடும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிக் குழுவினர் 2005-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தனர். உறுத்தாமை வேறு, தீங்கின்மை வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளின், சிமிழின் இயல்பு பின்னர் எளிதில் விளங்கும்.

மின்வலியால் ஆவியெழுப்பும் கருவியொன்றற்கு ஹெர்பர்ட் கில்பர்ட் என்னும் அமெரிக்கர் 1963-ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 1965-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது சந்தையில் நிலைபெறவில்லை. இக்காலத்துக் கருவிகட்கெல்லாம் முன்மாதிரியானது சீன நாட்டு மருந்தியலாளர் ஹோன் லிக் 2003-ஆம் ஆண்டில் அமைத்த கருவியேயாம். அவர் தாமும் சிகரெட்டுப் பழக்கம் உடையவர். அவர்தம் தந்தையார் நுரையீரற் புற்றுநோயால் இறந்தவர். சிகரெட்டை விடுதற்கு வழி தேடியதே அம்முயற்சியின் தோற்றுவாய் என்பதை மறத்தல் முறையன்று.

இரண்டற்கும் பொதுவாகிய அமைப்பு

அகல்விளக்கை ஒருமுறை நினைவிற் கொள்வோமாயின் இக்கருவியின் அமைப்பு எளிதில் புலனாகும். அகலில் எண்ணெய் உண்டு. எண்ணெயைத் திரி ஈர்த்து மேலேற்றுகின்றது. திரியின் முனையில் வெப்பம் அதனை மாற்றுகின்றது. மின்புகைக்குழலிலும் கலம் உண்டு. கலத்துள் நீர்மம் உண்டு. அதனை ஈர்க்கும் பஞ்சுத்திரியோ மணற்கண்ணாடி இழைத்திரியோ உண்டு. ஆனால் திரியின்மேல் சுடர் இல்லை. அதற்கு மாறாக, மெல்லிய உலோகக் கம்பிச் சுருள் ஒன்று திரியைத் தழுவிக் கிடக்கின்றது. மின்கலத்தினின்று மின்னோட்டம் பாயச் சுருள் சூடேறும். திரியில் ஊறிய நீர்மம் ஆவியாகும். அவ்வாவி குளிர்ந்து நுண்டுளிகளாய் மாறும். அந்நுண்டுளிகளையே பிடிப்போர் உள்ளே இழுக்கின்றனர். ஆகவே, 'இது வெறும் நீராவி' என்று வணிகர் கூறுவது பொருந்தாது. அதன்கண் நீரே முதன்மைப் பொருளன்று.

பின்னை அந்நீர்மத்தில் உள்ளவை யாவை? புரோப்பிலீன் கிளைக்கால் என்பது ஒன்று. கிளிசரின் என்பது மற்றொன்று. நறுமணமும் சுவையும் ஊட்டும் சரக்குகள் மூன்றாவது. புகையிலையின் நஞ்சாகிய நிக்கோட்டின் நான்காவது. முதற்கண் கூறிய கிளைக்கால் நீர்த்தது. சிறு திரியிலும் விரைந்து ஏறும். கிளிசரின் பாகுபோல் தடித்தது. ஏறுதற்கு அகன்ற வழி வேண்டும். ஆனால் அடர்ந்த வெண்முகிலை எழுப்புவது அதுவே. சிமிழுக்கும் தொட்டிக்கும் உள்ள வடிவ வேற்றுமையிற் பாதி இவ்விரு நீர்மங்களின் தடிப்பு வேற்றுமையால் வந்ததே.

நீர்மம் கலத்தினின்று ஒழுகிவிடாமல் நிற்பது எவ்வாறு? கோழிக்குஞ்சுகளுக்கு நீர் வைக்கும் கவிழ்ந்த போத்தலை நாம் பார்த்திருக்கின்றோம். தட்டில் நீர் குறைந்து காற்று உள்ளே புகுந்தாலன்றிப் போத்தலின் நீர் இறங்குவதில்லை. அவ்வாறே, திரி எவ்வளவு நீர்மத்தை ஈர்க்கின்றதோ அவ்வளவு காற்றே கலத்துட் புகும். அந்தச் சமநிலை நிற்குமளவும் ஒழுக்கு இராது. சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கருவியை வைத்துவிடின், கலத்துள் உள்ள காற்று விரிந்து நீர்மத்தைத் திரியின் வழியே வெளியே தள்ளிவிடும். நிக்கோட்டின் தோலின் வழியாகவும் உடம்பிற் புகும் இயல்பினது. ஆதலின் இவ்வொழுக்கு ஆடையைக் கறைப்படுத்தும் சிறு குறை மட்டுமன்று.

சிமிழின் இயல்பு

ஜூல் என்பது காண்பதற்குக் கணிப்பொறியிற் செருகும் நினைவுக்குச்சியை ஒத்தது. அதற்குப் பொத்தான் இல்லை. வாயில் வைத்து இழுத்த அளவில், காற்றின் ஓட்டத்தை உள்ளிருக்கும் உணர்பொறி அறிந்து மின்னோட்டத்தைத் தொடங்கும். சுருளின் தடை ஏறத்தாழ 1.6 ஓம் என்ப. மின்கலத்தின் அழுத்தத்தை 3.7 வோல்ட்டு எனக் கொள்ளின், அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்துப் பெறும் திறன் ஏறக்குறைய 8.5 வாட்டு ஆகும். இஃது ஒரு சிறு மின்விளக்கின் அளவே.

சிமிழின் கொள்ளளவு 0.7 மில்லிலிட்டர். குழந்தைகட்கு மருந்தூட்டும் 5 மில்லிலிட்டர்க் கரண்டியின் ஏழில் ஒரு பங்கினும் சிறிது குறைவு. அது மூடி முத்திரையிடப்பட்டது. பிடிப்போர் அதனைத் திறந்து நிரப்புதற்கில்லை. தீர்ந்ததும் எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகவேண்டும். சுருளும் திரியும் சிமிழுக்குள்ளேயே அமைந்துள்ளன. ஆதலின் அவையும் உடன் எறியப்படும். இதனால் சுருளை மாற்றும் தொல்லை இல்லை. அளவிட்டு ஊற்றும் தொல்லை இல்லை. கற்றுக்கொள்ள வேண்டுவதும் ஒன்றில்லை. இவ்வெளிமையே அதன் வலிமையாயிற்று.

ஈண்டு ஒரு வேதியியல் நுட்பம் உளது. புகையிலையினின்று பிரித்த தனி நிக்கோட்டின் காரத்தன்மையது. மிகுதியாகச் சேர்ப்பின் தொண்டையைக் கடுமையாக உறுத்தும். புதியவன் ஒருவன் இரண்டு இழுப்பிலே இருமிக் கீழே வைத்துவிடுவான். அவ்வுறுத்தலே இயற்கை வைத்த வேலியாகும். ஜூல் அமைத்தோர் நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து அதனை உப்பாக்கினர். உப்பாகிய நிக்கோட்டின் மென்மையாய் இறங்கும். வேலி நீங்கிற்று, நஞ்சு நின்றது. குடுகுடியில் நீர் செய்த வேலையை ஈண்டு அமிலம் செய்தது எனலாம். நிறையில் நூற்றுக்கு 5 பங்கு, அஃதாவது ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 59 மில்லிகிராம் நிக்கோட்டினை அச்சிமிழில் அடைக்க முடிந்தது இதனாலேயே.

தொட்டியின் இயல்பு

ஏலியன் என்னும் பெட்டியோ முற்றிலும் வேறுபட்டது. அதன் வயிற்றில் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடைய மின்கலங்கள் இரண்டு கிடக்கும். அவ்வளவுகளைக் கொண்டே அம்மின்கலத்திற்கு 18650 என எண்பெயர் வழங்குகின்றது. பெட்டியின் முகத்தில் சிறு திரை ஒன்றுண்டு. எத்துணை வாட்டு வேண்டுமோ அத்துணையைப் பிடிப்பவரே குறிக்கலாம். உச்ச அளவு 220 வாட்டு என்பது உற்பத்தியாளர் கூற்று. சுருளின் தடை அரை ஓமினும் குறைந்தது. எடுத்துக்காட்டாக, 0.4 ஓம் சுருளை 60 வாட்டில் இயக்கினால், 12 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் பாயும். சிமிழில் ஓடியதோ 2.3 ஆம்பியர் அளவே. ஆகவே திறனில் ஏழு மடங்கும், மின்னோட்டத்தில் ஐந்து மடங்கும் வேறுபாடு உளது.

உடன் வரும் பேபி பீஸ்ட் தொட்டி எஃகும் கண்ணாடியும் கொண்டு ஆனது. அதன் மேன்மூடியைத் திருப்பி நீர்மத்தை ஊற்றலாம். நடுவே புகைபோக்கி போன்ற குழாய் ஒன்று செல்லும். அதன் அடியில் சுருள் பொருந்தும். சுருளைச் சூழ்ந்த பஞ்சு, அகன்ற துளைகளின் வழியே தடித்த கிளிசரினை ஈர்க்கும். அடிப்பகுதியில் காற்று புகும் கண்கள் உண்டு. அவற்றைத் திறந்தும் அடைத்தும் காற்றின் அளவை மாற்றலாம். கொள்ளளவு 3 மில்லிலிட்டர். பெயரிற் குழந்தையாயினும் சிமிழினும் நான்கு மடங்கிற்கு மேற்பட்டது அது. சிமிழின் ஆவியைச் சிகரெட்டுப் போல முதலில் வாயில் நிறுத்திப் பின் உள்ளிழுப்பர். தொட்டியின் ஆவியை நேரே நுரையீரலுக்கு இழுப்பர்.

தொட்டிக்கே உரிய இடர்கள் சில உள. சுருளைக் காலந்தோறும் மாற்றவேண்டும். நீர்மம் குறைந்திருக்கும்போதோ, பஞ்சு நன்கு ஊறுமுன்னரோ மின்னைச் செலுத்தினால் பஞ்சு தீயும். கிளிசரினும் கிளைக்காலும் மிகைவெப்பத்தால் சிதைந்து ஃபார்மால்டிகைடு, அக்ரோலின் முதலிய கொடிய பொருள்களைத் தோற்றுவிக்கும். தனித்த மின்கலங்களைச் சட்டைப்பையில் திறவுகோலோடும் நாணயத்தோடும் இட்டுவைத்தால், இருமுனையும் உலோகத்தால் இணைந்து தீப்பற்றுதல் கூடும். இவ்வாறு நிகழ்ந்த தீப்புண்களை மேனாட்டு மருத்துவ ஏடுகள் பலமுறை குறித்துள்ளன.

இன்னுமோர் இடர், தொட்டியை நிரப்புதற்கு வாங்கும் போத்தலால் விளைவது. பழத்தின் மணமும் இனிப்பின் மணமும் உடைய அந்நீர்மத்தைச் சிறுகுழந்தை பருகிவிடின் உயிருக்கே கேடாம். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டு நியூயார்க்கு மாநிலத்தில் அவ்வாறு பருகிய பச்சிளங்குழந்தை ஒன்று மாண்டது. குழந்தைகள் திறக்கவியலா மூடியை அப்போத்தல்களுக்கு இடவேண்டும் என்று அந்நாட்டார் பின்னரே சட்டம் செய்தனர்.

கணக்கு கூறும் உண்மை

இனி இவ்விரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுத்துவோம். கலத்தின் கொள்ளளவை நீர்மத்தின் செறிவால் பெருக்கினால், கலத்துள் அடங்கிய நஞ்சின் அளவு பெறப்படும். இஃதொன்றே நமக்கு வேண்டிய வாய்பாடு.

சிமிழுக்கு: 0.7 மில்லிலிட்டரை 59-ஆல் பெருக்க, 41 மில்லிகிராம். பெருந்தொட்டிக்குப் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள நீர்மத்தையே ஊற்றுவர். ஏனெனில் அத்துணை ஆவியோடு செறிந்த நிக்கோட்டினைத் தொண்டை தாங்காது. ஆகவே தொட்டிக்கு: 3-ஐ 3-ஆல் பெருக்க, 9 மில்லிகிராம். நான்கு மடங்கு சிறிய கலத்தில் நான்கரை மடங்கு மிகுந்த நஞ்சு! கண்ணுக்குப் புலனாகும் அளவும், உடம்பிற் புகும் அளவும் எத்துணை எதிர்மாறாக நிற்கின்றன என்பதை அன்பர்கள் நோக்குக. ஒரு சிமிழ் ஒரு பெட்டிச் சிகரெட்டுக்கு நிகர் என அதனை விற்றோரே விளம்பரம் செய்தனர். சிறு சிமிழ் ஒன்றைக் கையிலெடுக்கும் இளைஞன், 20 சிகரெட்டைக் கையிலெடுத்ததாக எண்ணுவானோ? எண்ணான். அங்கேதான் ஏமாற்றம் இருக்கின்றது.

அங்ஙனமாயின் பெருந்தொட்டி நன்று என்று கொள்ளலாமோ? அதுவும் பொருந்தாது. 60 வாட்டில் இயங்கும் சுருள் நீர்மத்தை விரைந்து குடிக்கும். ஒருவர் அத்தொட்டியை நாளொன்றுக்கு நான்கு முறை நிரப்புவதாகக் கொள்வோம். நான்கை ஒன்பதால் பெருக்க 36 மில்லிகிராம். ஏறத்தாழ ஒரு சிமிழின் அளவே. அன்றியும், நிக்கோட்டின் குறைந்ததே ஒழிய, அவர் நுரையீரலுட் செல்லும் கிளிசரினும் சுவைச்சரக்கும் 12 மில்லிலிட்டர் அளவிற்குப் பெருகிவிட்டன. உண்ணும் பண்டத்தில் தீங்கற்ற சுவைச்சரக்கு, மூச்சில் இழுக்கும்போதும் தீங்கற்றது என்று கருதற்கில்லை. இரைப்பை வேறு, நுரையீரல் வேறு. ஒன்று செறிவால் மிகுகின்றது. மற்றொன்று அளவால் மிகுகின்றது. சிறுமை காட்டி ஒன்று மயக்குகின்றது. 'செறிவு குறைவு' எனக் கூறி மற்றொன்று மயக்குகின்றது.

இவ்வாய்பாட்டின் அருமையைச் சட்டம் வகுத்தோரும் உணர்ந்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2014-ஆம் ஆண்டில் இயற்றிய விதியில், தொட்டியின் கொள்ளளவு 2 மில்லிலிட்டருக்கும், செறிவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும், நிரப்பும் போத்தல் 10 மில்லிலிட்டருக்கும் மேற்படலாகாது என வரையறுத்தனர். கொள்ளளவை மட்டும் கட்டுப்படுத்தின் வணிகர் செறிவை உயர்த்துவர்; செறிவை மட்டும் கட்டுப்படுத்தின் கலத்தைப் பெரிதாக்குவர். ஆதலின் இரண்டையும் ஒருங்கே கட்டினர். ஐரோப்பிய விதியின் உச்ச வரம்பை நிரப்பிய தொட்டியிலும் 40 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கும். அஃது அமெரிக்கச் சிமிழின் அளவே என்பதும் கருதத்தக்கது.

பிறநாட்டார் கண்டவை

எளிமையும் மென்மையும் சேர்ந்த சிமிழ் அமெரிக்க நாட்டு மாணாக்கரிடையே எவ்வாறு பரவிற்று என்பதைப் புள்ளிகள் காட்டுகின்றன. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணாக்கருள் மின்புகைக்குழல் பிடிப்போர் 2017-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 11.7 பேராக இருந்தனர். அடுத்த ஆண்டிலேயே 20.8 பேராயினர். மாம்பழச் சுவை முதலாய சுவைகளும் அப்பரவலுக்குத் துணை நின்றன. பின்னர் எழுந்த கட்டுப்பாடுகளாலும் விழிப்பாலும் அத்தொகை இறங்கி, 2024-ஆம் ஆண்டில் 7.8 ஆயிற்று. பரவிய தீமையைக் குறைத்தல் இயலும் என்பதற்கும் இதுவே சான்று.

2019-ஆம் ஆண்டில் அந்நாட்டில் மூச்சுத்திணறும் நுரையீரல் நோய் ஒன்று திடீரெனத் தோன்றிற்று. 2020 பெப்ருவரி வரை 2,807 பேர் அந்நோயால் மருத்துவமனை சேர்ந்தோ இறந்தோ போனதாகக் கணக்கிடப்பட்டது. அவருள் மாண்டோர் 68 பேர். கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சரக்கில் தடிப்பிற்காகச் சேர்த்த வைட்டமின்-ஈ அசிட்டேட்டு என்னும் எண்ணெய்ப் பொருளே அதற்குப் பெரிதும் காரணம் எனக் கண்டனர். அவ்வெண்ணெய் உண்பதற்கும் பூசுவதற்கும் தீங்கற்றதாய்க் கருதப்பட்டதே. மூச்சில் ஏறியபோதே கூற்றாயிற்று. கருவி ஒன்றாயினும் கலத்துள் இட்ட பொருள் வேறாயின் விளைவும் வேறாம் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

மறுதலையாக, இங்கிலாந்து நாட்டார் கருத்தையும் கூறாது விடுதல் நடுவுநிலைமை ஆகாது. சிகரெட்டில் புகையிலை எரிவதால் தோன்றும் தாரும் கரியமில நச்சுவாயுவும் இக்கருவியில் இல்லை. ஆகவே, நெடுநாள் சிகரெட்டு பிடித்து விடமாட்டாதார் இதற்கு மாறுதல் தீங்கைக் குறைக்கும் என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையார் கொள்கை. அக்கொள்கை முன்னரே புகைப்போர்க்கு உரியது. ஒருநாளும் புகையாத பத்தொன்பது வயதினருக்கு உரியதன்று. அந்நாட்டாரும் பயன்படுத்தி எறியும் குழல்களை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்துவிட்டனர். பிரான்சு நாட்டாரும் அத்தகைய குழல்களைத் தடுக்கும் சட்டத்தை அதே ஆண்டு பெப்ருவரித் திங்களில் இயற்றினர். இளைஞரைக் கவர்வதும், எறிந்தபின் மின்கலமும் பிளாஸ்டிக்கும் குப்பையாய்க் குவிவதும் அத்தடைகட்குக் காரணமாயின.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் மத்திய அரசு 2019 செப்டம்பர் 18-ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது நிலையான சட்டமாயிற்று. மின்புகைக்குழலை உற்பத்தி செய்தல், இறக்குமதி செய்தல், ஏற்றுமதி செய்தல், கொண்டு செல்லுதல், விற்றல், பகிர்ந்தளித்தல், விளம்பரம் செய்தல் ஆகிய யாவும் அச்சட்டத்தால் தடையுண்டன. முதற் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்வார்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சேமித்து வைப்போர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சிமிழுக்கு ஒரு நீதி, தொட்டிக்கு ஒரு நீதி என்று சட்டம் வேறுபடுத்தவில்லை. அளவும் வடிவும் எதுவாயினும் தடை ஒன்றே. வெளிநாட்டினின்று வரும் உறவினர்க்கு இதனை முன்னரே தெரிவித்தல் நம் கடமையாம்.

சட்டம் செய்யும் பணிக்கு எல்லையுண்டு. தடையுண்ட சந்தையில் வரும் பொருளின்மேல் ஒட்டிய சீட்டு உண்மை கூறும் என்பதற்கு உறுதியில்லை. 'மூன்று மில்லிகிராம்' எனச் சீட்டு கூறும் போத்தலில் முப்பது இருப்பினும் கேட்பார் இல்லை. மேலே நாம் கண்ட வாய்பாட்டில் கொள்ளளவு ஒன்றே கண்ணால் காணத்தக்கது. செறிவு சீட்டை நம்பியே அறியத்தக்கது. சீட்டே பொய்யாயின் கணக்கு முழுவதும் பொய்யாய்விடும். ஆகவே நம் நாட்டு இளைஞன் கையில் இரண்டு கலங்களும் ஒரே நிலையினவாகின்றன. இரண்டனுள்ளும் இருப்பது இன்னதென அவன் அறியான்.

ஈற்றில் ஒன்று கூறி அமைவோம். மூளை முழு வளர்ச்சி எய்துதற்கு ஏறத்தாழ 25 வயது வரை ஆகும் என மருத்துவர் கூறுகின்றனர். அதற்குமுன் நிக்கோட்டினுக்கு அடிமைப்படுதல் எளிது, விடுதல் அரிது. 2016–17-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். பீடியும் சிகரெட்டும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் கொண்டு சென்ற உயிர்கள் போதாவா? புதியதொரு கலத்தில் அதே நஞ்சை வரவேற்க வேண்டுவதில்லை. எந்த வடிவிலேனும் இப்பழக்கத்துட் பட்டு விடமுயல்வோர் தனித்துத் துன்புறவும் வேண்டா. மத்திய அரசின் புகையிலை விடுதல் உதவி எண்ணாகிய 1800-11-2356 கட்டணமின்றி அழைத்தற்குரியது. நண்பன் ஒருவன் சிறு சிமிழை நீட்டி, "இஃது என்ன செய்யும்?" எனக் கேட்கும்போது, சினந்து விலகாமல், 0.7-ஐ 59-ஆல் பெருக்கிக் காட்டுங்கள். கணக்கறிந்தவன் ஏமாறுதல் அரிது.